மேல் தொட்டித் தண்ணீர்

அன்று மோட்டார் கொட்டகையில் இருந்தவர்கள்: காலேஜில் தவளை ஆராய்ச்சி செய்யும் பெண், நான் டீச்சர் என்று கூப்பிடுவேன். அவளுக்காகத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட நான். சோறு கொண்டுவந்த என் மனைவி. வேறு ஆள் இல்லை.

நான் குடவாசல் பக்கம் வயல் வேலை செய்பவன். தவளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சொன்னதைச் செய்தேன்.

கொட்டகையை ஒட்டி வரப்பு ஓரம் சரிவில் பத்து பிளாஸ்டிக் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் இருபது தலைப்பிரட்டை. மேலே இருந்த ஐந்தில் மட்டும் வலைக்கூண்டுக்குள் தட்டான் புழு. தண்ணீரில் பதுங்கிக் கிடந்து தலைப்பிரட்டையைத் தின்கிற புழு அது. தினமும் தனிப்பானையில் வைத்திருந்த தலைப்பிரட்டையில் இரண்டு எடுத்து, புழுவுக்குத் தீனியாக ஒவ்வொரு கூண்டிலும் போடுவேன். கவ்வினால் விடாது. வலைக்கு வெளியே இருந்தவை அசையாமல் கிடக்கும்.

"பயத்துலயே இதுங்களுக்கு வால் அகலமாயிடும்ணே. ஒடம்பு சிறுத்துடும். கீழ் அஞ்சுல புழு இல்ல. அதுங்க எப்பவும்போல வளரும். ரெண்டையும் அளந்து எழுதிட்டா என் படிப்பு முடிஞ்சுது" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அவளுக்கு அது கடைசி வருடம். முடிக்க வேண்டிய தேதியை ஒருமுறை தள்ளி வாங்கிவிட்டாள். இனிமேல் கொடுக்க மாட்டார்கள்.

இருபது நாள் கழித்து அளக்க வந்தாள். கீழ்த் தொட்டியில் ஒன்றை எடுத்தாள். பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அடுத்த தொட்டிக்குப் போனாள். எல்லாவற்றுக்கும் அகல வால்.

"அண்ணே, தண்ணி எப்படி மாத்துனீங்க?"

"மேல் தொட்டியில பாதி எடுத்துட்டுப் புதுசு விட்டேன்."

"எடுத்தத?"

"கீழ் தொட்டிக்கு விட்டேன்."

மேல் வயலில் வடிவது கீழ் வயலுக்குப் பாயும். எங்கள் பக்கம் அப்படித்தான். தண்ணீரைத் தரையில் கொட்டிப் பழக்கமில்லை.

"குளிச்ச தண்ணியவே கத்திரிச் செடிக்குத் திருப்பி விடுற ஆளு இவரு. இவர்ட்ட போய் தண்ணிய ஒப்படைச்சீங்களே" என்றாள் என் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

"புழு மேலதானே இருந்துது டீச்சர்? ஒண்ணுகூட கீழ போகலயே."

"தண்ணி போயிருக்குல்லண்ணே. புழு தலைப்பிரட்டையத் தின்ன வாசம் அதுலயே வந்துடும். அது போதும் இதுங்களுக்கு."

எத்தனை நாளாக என்று கேட்டாள். முதல் நாளிலிருந்து என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"வேற முட்டை எடுத்தாந்து வெச்சா?"

"அடுத்த மழைக்குத்தான் முட்டை கிடைக்கும். அதுக்குள்ள என் தேதி முடிஞ்சுடும்ணே."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். உயிரோடு வயலில் விடக்கூடாதாம், அது சட்டமாம். எண்ணி ஸ்பிரிட்டில் போட்டு ஒப்படைக்க வேண்டுமாம். கொட்டகைக்குள் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தாள். நான் தொட்டிகளிலிருந்து வடிகட்டியால் அள்ளிவந்து கொடுத்தேன். விழுந்ததும் ஒருமுறை சுருளும். அப்புறம் நேராகி அடியில் போய்க் கிடக்கும். என் மனைவி சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இருபது நாளில் தானாகச் செத்தது போக மிஞ்சியதை டீச்சர் எண்ணினாள். நானும் கூடவே எண்ணினேன்.

நூற்று எண்பத்து மூன்று.