நான் சொன்னது அந்த ஓம் அல்ல

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் வருவோம், கதவைத் திறக்க யாரும் இல்லாவிட்டாலோ திறக்க மறுத்தாலோ பூட்டு வேலைக்காரரைக் கொண்டு திறப்போம் என்று கடிதத்தில் இருந்தது. சமையலறையில் நின்றபடியே அதை மூன்று தரம் வாசித்தேன். நோர்வேஜிய மொழியில் இப்படியான கடிதங்கள் மிகவும் பணிவாக இருக்கும். கதவை உடைப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டு, கீழே "அன்பான வணக்கங்களுடன்" என்று முடித்திருந்தார்கள்.

எழுதியவர் நாம்ஸ்மன். கட்டாத கடனுக்கும் தண்டத்துக்கும் வீடு தேடி வந்து பொருளையோ சம்பளத்தையோ பிடிக்கிற அரச அலுவலரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். ஒஸ்லோவில் இருபத்தைந்து வருடம் வாழ்ந்தும் அந்தச் சொல்லை நான் என் பெயரோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

பயம் எனக்குப் பொருட்களைப் பற்றியதல்ல. எங்கள் வீடு ட்வெய்ட்டாவில் ஒரு உயரமான கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருக்கிறது. வாசற்கதவைத் திறந்தால் எட்டடியில் ஹால். அந்த ஹாலில் என் மகள் படுத்திருந்தாள். பதினாறு வயது. முள்ளந்தண்டு வளைவுக்காக முதுகில் பெரிய ஒப்பரேசன் செய்து ஏழு வாரம். நகரசபை தந்த கட்டில் அவளுடைய அறைக்குள் போகாததால் ஹாலில் போட்டிருந்தோம். எழும்புவதென்றால் முதலில் மரக்கட்டை போலப் பக்கவாட்டில் புரள வேண்டும், நான் தோளைப் பிடிக்க வேண்டும். யாராவது பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் அவளால் போர்வையை இழுத்துக்கொள்வதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. யுத்த காலத்தில் ஊரில் தட்டாமலே வீட்டுக்குள் வந்தவர்களை நான் அவளுடைய வயதில் பார்த்திருக்கிறேன். அவள் பார்க்கக்கூடாது என்பது மட்டும்தான் எனக்கிருந்த ஒரே நினைப்பு.

தண்டம் வந்த கதை வெட்கக்கேடானது. ஒருநாள் மாலை ட்வெய்ட்டாக் கடைத்தொகுதிக்கு வெளியே ஒரு இளைஞன் ஒரு முதியவரைத் தள்ளி விழுத்தினான். முதியவரின் முழங்கையில் இரத்தம். கண்டவர்கள் யார் என்று பொலிஸ் கேட்டபோது எல்லாரும் தங்கள் போனைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன். சில மாதங்களின் பின் சாட்சி சொல்ல வரும்படி நீதிமன்ற அழைப்பாணை வந்தது. குறித்திருந்த நாள், ஒன்றரை வருடம் காத்திருந்து கிடைத்த ஒப்பரேசன் நாள்.

உடனே நீதிமன்றத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்போது நான் வேலை செய்யும் பாலர் பாடசாலையில், பிள்ளைகள் உடுப்பு மாற்றும் இடத்தில், கையில் யாரோ ஒரு பிள்ளையின் ஈரக் கையுறையோடு நின்றுகொண்டிருந்தேன். எடுத்ததும் முதல் வேலையாக, அன்றைக்கு என் மகளுக்கு ஒப்பரேசன் என்று சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் இனிமையாக, வேகமாக, நெடுநேரம் விளக்கினாள். நான் "யா... யா... யா..." என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்களோடு தொலைபேசியில் கதைத்தவர்களுக்கு இது தெரியும். ஆம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் ஓம். மற்றவர் கதைக்கும்போது இடைக்கிடை "ஓம்... ஓம்..." என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் "என்ன, கேக்குதோ?" என்று கேட்பார்கள். அந்த ஓமில் சம்மதம் கிடையாது. "சொல்லு, காது இங்கேதான் இருக்கிறது" என்பதுதான் அதன் பொருள். நோர்வேஜிய மொழி பேசும்போது நான் அந்த ஓமைத்தான் "யா" என்று உடுப்பு மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணோ இடையில் எங்கோ, "மருத்துவச் சான்றிதழ் அனுப்பாவிட்டால் நீங்கள் வர வேண்டும், ஆகவே வருவீர்கள் என்று குறித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். நான் "யா" என்றிருக்கிறேன். போனை வைத்தபோது எனக்கு விடுப்புக் கிடைத்துவிட்டது என்று நம்பினேன். அன்று மாலை மகளுக்குப் புதிய இரவு உடுப்புகூட வாங்கினேன்.

ஒப்பரேசன் நாளில் நான் ஆஸ்பத்திரி நடையில் இருந்த நேரத்தில் நீதிமன்றத்தில் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு தண்டம் வந்தது. "சரியான காரணமின்றிச் சமூகமளிக்கவில்லை" என்று அதில் இருந்தது. நான் ஆட்சேபித்து எழுதினேன். பதிலோடு தொலைபேசிக் குறிப்பின் பிரதி ஒன்றை அனுப்பினார்கள். மூன்றே வரிகள். கடைசி வரி: "சாட்சி யா என்று பதிலளித்தார்."

இங்கேதான் நான் செய்த பிழை. ஆஸ்பத்திரிக் கடிதத்தின் ஒரு பிரதியை அனுப்பியிருந்தால் விடயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அனுப்பவில்லை. முதல் வசனத்திலேயே சொன்ன உண்மைக்கு இனிப் பத்திரம் காட்ட வேண்டுமா என்ற ரோசம் வந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஓம் என்ற சொல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல நோர்வேஜிய மொழி. யாரும் பதில் எழுதவில்லை. ஆட்சேபிக்கும் காலமும் முடிந்துவிட்டது.

கடிதத்தை மேசையில் வைத்தபோது என் கணவர் வேலை முடிந்து பஸ் சாரதி உடுப்போடு இருந்தார்.

"காசைக் கட்டிப்போட்டு விடுமனப்பா. நான் பிழையான இடத்திலை கார் விட்டா கட்டுறேல்லையே?"

"நீங்கள் பிழையா விட்டனீங்கள், கட்டினனீங்கள். நான் என்ன பிழை செய்தனான்?"

"நீர் ஓமெண்டு சொன்னனீராம்."

"நான் சொன்னது அந்த ஓம் இல்லை."

"ஓமிலை எத்தினை ஓமப்பா இருக்கு?"

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் சொன்ன ஓமெல்லாத்தையும் நீங்கள் சம்மதமெண்டே நினைச்சுக்கொண்டிருக்கிறியள்?"

"அதுகும் ஒரு கதைதான்" என்றார். கட்டிலில் இருந்து மகளின் குரல் வந்தது: "அம்மா, சிரிக்கப் பண்ணாதேங்கோ. முதுகு நோகுது."

கட்டியிருக்கலாம். எங்களிடம் இல்லாத பணமல்ல. ஆனால் "சரியான காரணமின்றி" என்ற இரண்டு சொற்களை என்னால் விழுங்க முடியவில்லை. அந்தக் காரணம், முதுகில் கழுத்தடியிலிருந்து இடுப்புவரை தையலோடு எங்கள் ஹாலில் படுத்திருந்தது. கட்டினால் அவள் ஒரு காரணமே இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

புதன்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தேன். மகள் படுத்தபடியே எனக்கு வாத்தியார் வேலை பார்த்தாள்.

"அவை என்ன கேட்டாலும் யா எண்டு மட்டும் வாயைத் திறந்திடாதேங்கோ. நை எண்டு துவங்குங்கோ." நை என்றால் இல்லை.

"குட் மோர்னிங் எண்டாலுமோ?"

"அதுக்கும் நை." பிறகு குரல் சற்றுத் தாழ்ந்தது. "அவை உள்ளுக்கை வருவினமோ, அம்மா? நான் என்ரை ரூமுக்கை போகட்டே?"

"நீ அசையாதை. ஒருத்தரும் வர மாட்டினம்."

சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. கணவர் வேலைக்கு லீவு போடுவதாகச் சொன்னதற்கும் வேண்டாம் என்றேன். அவர் நின்றால் பணத்தைக் கட்டிவிடுவார் என்று பயந்தேன்.

வியாழக்கிழமை ஒன்பது இருபதுக்கு மணி அடித்தது. கதவைச் சங்கிலியோடு திறந்தேன். ஒரு கையகல இடைவெளி. வெளியே என் வயதுள்ள ஒரு பெண், கழுத்தில் அலுவலக அட்டை, கையில் கோப்பு. அவருக்குப் பின்னால் உயரமான ஒரு மனிதர், காலடியில் கருவிப் பெட்டி. அவர் குனிந்து தன் சப்பாத்துக்கு நீலப் பிளாஸ்ரிக் உறை மாட்டிக்கொண்டிருந்தார். கதவை உடைக்க வந்தவர் என் வீட்டு நிலம் அழுக்காகக் கூடாதென்று பார்க்கிறார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் நான் சங்கிலி சரியாகக் கொழுவியிருக்கிறதா என்று இன்னொரு தரம் தடவிப் பார்த்தேன்.

"நீங்கள் திறக்கலாம், அல்லது நாங்கள் திறக்க வேண்டியிருக்கும்" என்றார் அந்தப் பெண். குரலில் கோபமில்லை.

"நை" என்றேன். "முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள். பிறகு என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள்."

சொன்னேன். முதியவரின் முழங்கை, அழைப்பாணை, ஒப்பரேசன், ஈரக் கையுறை, தொலைபேசி. அவர் கேட்டார். கேட்கும்போது, இந்த நாட்டுக்காரர் செய்வதுபோல, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே "யா" என்றார். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ நோய் என்று நினைப்பார்கள். வந்த வருடம் நானே பக்கத்து வீட்டுக்காரியிடம் அவளுக்கு ஆஸ்மாவா என்று கேட்டிருக்கிறேன். நான் கதைக்கக் கதைக்க அந்த உள்மூச்சு "யா" இன்னொரு தரம் வந்தது. பிறகும் வந்தது.

பேச்சை நிறுத்தினேன். இது ஒத்திகையில் இல்லாதது.

"நீங்கள் இப்போது மூன்று தரம் யா சொன்னீர்கள்."

"சொன்னேனா?"

"சொன்னீர்கள். நான் தண்டம் கட்டத் தேவையில்லை என்று சொன்னபோதும் சொன்னீர்கள். அப்படியென்றால் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். இனி நீங்கள் போகலாம்."

"இல்லை, இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்."

"நானும் அவ்வளவுதான்" என்றேன்.

பூட்டு வேலைக்காரர் ஒரு சப்பாத்தில் உறையோடும் மற்றதில் இல்லாமலும் நிமிர்ந்து பார்த்தார். மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியால் கட்டிலின் கால்மாடும் சிவப்புக் காலுறை போட்ட இரண்டு பாதங்களும் தெரிந்திருக்கும். ஒரு பாதம் அசைந்தது. "ஹை!" என்றாள் என் மகள், உள்ளேயிருந்து, விருந்தினருக்குச் சொல்வதுபோல.

"அவள்தானா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

யா என்று சொல்லாமல் இருக்கப் பெரிய பாடாகிவிட்டது. "அவள்தான் அந்தச் சரியான காரணம்" என்றேன்.

"ஆஸ்பத்திரிக் கடிதம் ஏதாவது இருக்கிறதா?"

ரோசம் இன்னும் விடவில்லை. பின்னால் இருந்து மகள் தமிழில் கத்தினாள்: "அம்மா, அதைக் குடுங்கோ! குளிர்சாதனப் பெட்டியிலை ஒட்டியிருக்கு. வீம்பு பிடிச்சது காணும்!"

அது அங்கேதான் இருந்தது. இத்தனை வாரமும், மருந்து நேர அட்டவணைக்குப் பக்கத்தில், ஒரு காந்தத்தின் கீழ். கொண்டுவந்து சங்கிலிக்கு மேலால் நீட்டினேன். அவர் வாங்கிப் படமெடுத்தார். தண்டத்தை இல்லாமலாக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். ஆனால் இன்றைய வேலையை இத்தோடு நிறுத்தி, இதைத் தன்னை அனுப்பியவர்களுக்குச் சேர்ப்பிக்கலாம். நான் காலம் தப்பினாலும் மீண்டும் பார்க்கும்படி நீதிமன்றத்துக்கு இன்றைக்கே எழுத வேண்டும். நாலு வரி போதும், கடிதத்தின் பிரதியை இணைக்க மறக்கக்கூடாது.

"புரிந்ததா?"

நுனிநாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "நீங்கள் சொன்னது விளங்கியது. இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன்" என்று முழு வசனமாகச் சொன்னேன்.

அவர் மூச்சை உள்ளே இழுத்து "யா" என்றார். பிறகு என்ன சொன்னோம் என்று தெரிந்து கையை வாயில் வைத்தார். பூட்டு வேலைக்காரர் நீல உறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். லிஃப்ட் கீழே போகும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தி அதில் முதுகு சாய்த்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன்.

"போயிட்டினமோ?"

"போயிட்டினம்."

"அப்ப என்னை ஒருக்காப் புரட்டி விடுங்கோ. இவ்வளவு நேரமும் அசையாமல் கிடந்தனான்."

சில வாரங்களில் தண்டம் நீக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. காரணம், மருத்துவ ஆவணம். அந்தக் குறிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "சாட்சி யா என்று பதிலளித்தார்" என்ற வரி இன்னும் ஏதோ ஒரு கோப்பில் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தும்படி மீண்டும் எழுதினேன். சாட்சி கேட்டுக்கொண்டிருந்தார் என்று இருக்க வேண்டும். "வெண்டிட்டீரெல்லே, இனி என்னத்துக்கு?" என்கிறார் கணவர். பதில் வரவில்லை. வராவிட்டால் இன்னொன்று எழுதுவேன்.

மகள் இப்போது தானாகவே எழும்பி நடக்கிறாள். எனக்குத்தான் மணி அடித்தால் கை முதலில் சங்கிலியைத் தேடுகிறது. தொலைபேசியில் அலுவலகங்களோடு கதைக்கும்போது அவர்கள் முடிக்கும்வரை ஒரு சத்தமும் காட்டுவதில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் என் தங்கைக்கு இது பொறுக்காது. போன கிழமையும் பாதிக் கதையில் நிறுத்தினாள்.

"அக்கா? அக்கா! இருக்கிறியோ?"

"இருக்கிறன். நீ கதை."

"பின்னை ஓமெண்டு ஒரு சத்தம் போடன். சுவரோடை கதைக்கிறமாதிரிக் கிடக்கு."

அவளுக்கு மட்டும் ஓம் சொல்கிறேன்.