ஒரு வாய்க்கு ஒரு வாத்து

என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது, அவள் தட்டைப் போலக் காலியாகும் தட்டு எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் கிடையாது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். தட்டு காலியானது உண்மை. எப்படிக் காலியானது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் சாதம். பாட்டு ஓடும்போது அவள் மெய்மறந்து வாயைத் திறப்பாள். அந்த நேரம் பார்த்துத் திணிக்க வேண்டும். திறக்காவிட்டால் மூக்கைப் பிடிப்பேன். மூச்சு விடுவதற்காவது திறந்துதானே ஆக வேண்டும்? பாதி உள்ளே போகும், பாதி கவுனில் வழியும். வழிந்ததை வழித்து நான் வாயில் போட்டுக்கொள்வேன். அதையும் நின்றுகொண்டே செய்வேன். என் சாப்பாடு பெரும்பாலும் அதுதான்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரங்களில் பிசிறு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். அதன் பிறகுதான் சூளைக்குப் போகும். சீவிய மண் பலகையோரமாகக் காய்ந்து, வெள்ளை வெளேரென்று சுருண்டு கிடக்கும். எங்கள் பட்டறையில் வயிற்றுப் பிள்ளைக்காரி யாராக இருந்தாலும் அதில் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைப்பாள். யாரும் வியந்து பார்ப்பதில்லை. "மசக்கைக்கு நல்லது, கொமட்டலு நிக்கும்" என்பார்கள். நானும் மசக்கையில்தான் தொடங்கினேன். புது மழை பெய்த வாசனை அடிக்கும், நாக்கில் ஒட்டிக்கொண்டு மெல்லக் கரையும். மற்றவர்கள் பிள்ளை பெற்றதும் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. முந்தானை முனையில் ஒரு துண்டு முடிந்திருக்கும். மதியத்துக்கு மேல் கால் ஓய்ந்து போகும்போது அதை அவிழ்த்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.

அங்கன்வாடி முடிந்ததும் மகள் என்னோடு பட்டறைக்கு வந்துவிடுவாள். பலகைக்குக் கீழே சாக்கு விரித்து உட்காரவைப்பேன். விரல் நீளத்தில் ஒரு வாத்து பொம்மை அப்போது நிறையப் போய்க்கொண்டிருந்தது. கழுத்து கோணலானது, கீறல் விழுந்தது எல்லாம் சூளைக்குப் போகாமல் திரும்ப மண் கரைசல் தொட்டிக்குப் போகும். அதில் நாலைந்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வருவேன். ஒரு நாள் செல்போனில் சார்ஜ் இல்லை. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. "ஒரு வா வாங்கிக்கோ, ஒரு வாத்து தரேன்." வாங்கிக்கொண்டாள். இரண்டாவது வாய்க்கு இரண்டாவது வாத்து. அடடா, இந்தப் புத்தி இத்தனை நாள் எங்கே போனது என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சூளையில் வைத்த வாத்து அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்று கொடுத்துப் பார்த்தேன், தூக்கி எறிந்துவிட்டாள். சுடாத வாத்துதான் வேண்டும். அது ஏன் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் இருந்த வாத்துகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்றுக்கு மூக்கு இல்லை, இன்னொன்றுக்கு வால் இல்லை. உடைத்துவிட்டாள் என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். உடைந்தால் துண்டு கிடக்க வேண்டும் அல்லவா? வீட்டைப் பெருக்குகிறவள் நான்தான். ஒரு துண்டும் கிடைத்ததில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

அங்கன்வாடி டீச்சர்தான் முதலில் கேட்டார். "ஏம்மா, பாப்பா ஒரு மாரி வெளுத்துப் போயிருக்குதே. ஓடி வெளையாட மாட்டேங்குது, உட்காந்த எடத்துலயே உட்காந்துருக்குது. வூட்ல என்னா குடுக்குறீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னா குடுக்குறோம்னா? பருப்பு சோறு, பாலு, பிஸ்கட்டு எல்லாந்தான். நாலு டம்ளர் பாலு குடிக்குது என் புள்ள."

"நாலு டம்ளர் பாலு குடிச்சா பசி எங்கம்மா எடுக்கும்? பால கொறச்சிட்டு கீரை, முட்டை, மல்லாட்டை உருண்டன்னு குடுங்க. தட்டுல வச்சி வுட்டுடுங்க, அதுவா எடுத்துத் திங்கட்டும்."

கீரையாம், வேர்க்கடலை உருண்டையாம், புள்ள பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவர் சொன்னது மனதில் குத்திக்கொண்டிருந்ததால் மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கணவரும் வந்தார். அவர் சூளையில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை செய்கிறவர். அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார்.

டாக்டர் குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "மண்ணு, சாம்பல், சுண்ணாம்பு ஏதாவது திங்குதாம்மா?"

பக்கத்தில் கணவர் நின்றுகொண்டிருந்தார். பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். மண் தின்னும் பிள்ளை என்றால் சோறு போடாத அம்மா என்றுதானே எங்கள் ஊரில் சொல்வார்கள்? "சேச்சே, அந்தப் பழக்கமெல்லாம் இல்லைங்க" என்றேன். சொல்லும்போது என் முந்தானை முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பூச்சி மாத்திரையும் சத்து டானிக்கும் கொடுத்து அனுப்பினார்கள். டானிக்கைத் துப்பினாள். அதற்கும் வாத்துதான் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கி நாலடி நடந்திருப்பாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடிக்கிறாள் என்று நினைத்து "எழுந்திரு, வாடி" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கை துணி மாதிரி வந்தது. உதடு வெள்ளையாக இருந்தது. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கணவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இங்கே முதலுதவி செய்து, ஆம்புலன்ஸில் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லை, இருதயம் தாங்க முடியாமல் திணறுகிறது, இன்னும் நாள் கடத்தியிருந்தால் பிள்ளை கையில் இருந்திருக்காது என்றார்கள். எவரோ கொடுத்த ரத்தம் அவளுடைய குச்சிக் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஏன் இப்படி ஆனது என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அதே பொய்யைச் சொன்னேன். ஒரு தடவை சொன்ன பொய்யை விடுவது அவ்வளவு சுலபமா என்ன?

மூன்றாம் நாள் காலை நர்ஸ் ஊசி மாற்ற வந்தார். மகளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. கட்டிலை ஒட்டிய சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. அவள் ஒரு பொருக்கைப் பிய்த்து எடுத்தாள். எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை, ஒளிக்கவும் இல்லை. நாக்கின் நுனியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொண்டாள்.

நர்ஸ் அவள் வாயில் விரல் விட்டு அதை எடுத்தார். "இது யாருகிட்டம்மா கத்துக்கிச்சு?" என்றார்.

நான் தின்பது எப்படி இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்கிட்டதாங்க" என்றேன். வாத்து முதல் எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஊருக்குப் போய், மிச்சமிருந்த வாத்துகளை வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்துக் கொட்டிவிட்டு வந்தார். அதன் பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை.

நர்ஸ் என்னைத் திட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "நீங்க உட்காந்து சோறு தின்னு உங்க புள்ள பாத்துருக்குதாம்மா?"

யோசித்தேன். பார்த்ததில்லை. நான் நின்றுகொண்டு வழித்துத் தின்றதைப் பார்த்திருக்கிறாள். கீரையைக் கண்டால் நான் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து நான் உட்கார்ந்து, ஆசைப்பட்டு, ருசித்துத் தின்று அவள் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் கற்றுக்கொண்டாள். சமர்த்துப் பிள்ளை!

வீட்டுக்கு வந்ததும் பாலை இரண்டு டம்ளராகக் குறைத்தோம். சாப்பாட்டு நேரத்தில் செல்போன் அலமாரிக்குப் போனது. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சோறு, ஒரே குழம்பு. அவள் தட்டில் கொஞ்சமாக வைப்பேன், வாயில் வைக்க மாட்டேன். முதல் வாரம் அவள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடவில்லை. அவள் மூக்கைப் பிடிக்கக் கை பரபரக்கும். தொடைக்கடியில் வைத்துக்கொள்வேன். முருங்கைக்கீரைப் பொரியலை அவள் முன்னால் தின்பது எனக்குத் தண்டனை மாதிரி இருந்தது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ என் தட்டிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டேன். குனிந்து அழுதேன்.

இங்கேயே முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல.

எனக்கும் ரத்தம் கம்மி என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் போட்டேன். வயிறு மந்தமாகிறது என்று நிறுத்திவிட்டேன். மண்ணையும் விட்டேன், பிறகு தொட்டேன். பட்டறையில், தனியாக, யாரும் பார்க்காத இடத்தில் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். இப்போது அவளுக்கு ஏழு வயது. மற்ற பிள்ளைகளைவிடச் சின்ன உடம்பு, சீக்கிரம் களைத்துப் போகிறாள். போன மாதம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அவள் பென்சில் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே சாக்பீஸ் துண்டுகள். பல் பட்ட அடையாளம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கை ஓங்கிவிட்டேன். "செத்துப் பொழச்சியேடி! மறுபடியுமா?"

அவள் அழவில்லை. என் இடுப்பில் செருகியிருந்த முந்தானையைப் பார்த்தாள். "நீ மட்டும் திங்கிறியேம்மா" என்றாள்.

ஓங்கிய கையைக் கீழே போட்டேன். முடிச்சை அவிழ்த்தேன். அவளுடைய சாக்பீஸுக்குப் பக்கத்தில் என் மண்துண்டை வைத்தேன்.

மறுநாள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுக்கும் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு மகளின் கையை இழுத்தாள். "மொதல்ல எனக்கு எடுங்க" என்று நான் கையை நீட்டினேன். ஊசி ஏறியது. என் மகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகைக்கடியில் சாக்கில் உட்கார்ந்து நான் மண் தின்பதைப் பார்த்தபோதும் இப்படித்தான் பார்த்திருப்பாள்.