கோலிக்குக் காசில்லை

என் அப்பாவின் ஊருக்கும் அம்மாவின் ஊருக்கும் நடுவில் ஒரு வயல்வெளிதான் இருக்கிறதாம். இரண்டு ஊரையும் நான் பார்த்ததில்லை. ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக லண்டனுக்கு வந்து, ரெய்னர்ஸ் லேனில் வளர்ந்தவள் நான். ஆனாலும் அந்த வயல்வெளிக்கு இந்தப் பக்கத்தாருக்கும் அந்தப் பக்கத்தாருக்கும் ஆகாது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். கோடை வந்தால் ஹரோவில் ஒரு பூங்காவில் கூடாரம் அடித்து, ஊர்ச் சங்கங்கள் எல்லாம் உதைபந்து விளையாடும். பகை ஆறிப்போகாமல் பார்த்துக்கொண்டது அந்த விளையாட்டுத்தான்.

பெரியவர்களுக்கு ஒரு கிண்ணம், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு கிண்ணம். சின்னவர்களில் ஆண், பெண் பேதம் கிடையாது, ஓஃப்சைட் விதியும் கிடையாது. யார் எந்த ஊருக்கு விளையாடலாம் என்பதற்கு ஒரே விதி: தாய்வழியாகவோ தகப்பன்வழியாகவோ அந்த ஊரில் வேர் இருக்க வேண்டும். எனக்கு இரண்டு பக்கமும் வேர் இருந்தது. நான் கோல் காப்பவள். எங்கள் வழக்கில் கோலி. பதினொரு வயதில், ஹரோவில் உள்ள தமிழ்ப் பிள்ளைகளில் என்னைப்போல் பந்து பிடிக்க ஆள் இல்லை. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் தற்பெருமைக்காகவும்தான்.

அதுவரை சின்னவர்களின் ஆட்டத்தை யாரும் பெரிதாக எடுத்ததில்லை. வென்றாலும் தோற்றாலும் ஆளுக்கொரு மட்டன் ரோல், ஒரு சோடா, அவ்வளவுதான். அந்த நிம்மதியைக் கெடுத்தவர் பெரியமாமா. அம்மாவின் மூத்த அண்ணன். சுவிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு வால்தம்ஸ்டோவில் மளிகைக்கடை போட்டு, ஒன்றை இரண்டாக்கி, மூன்றாவதற்கு ஹரோவில் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் ஊர்ச் சங்கத்துக்கு அவர்தான் அனுசரணையாளர். பெரியவர்களின் அணிக்குப் பரிஸிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் டிக்கெட் போட்டு விளையாட்டுக்காரரை இறக்கினார். மற்ற ஊர்களிலும் பசையுள்ளவர்கள் இருந்தார்கள், அவர்களும் இறக்கினார்கள். ஒரு வருடம் இறுதி ஆட்டம் முடிந்த கையோடு, மோதிக்கொண்ட இரண்டு அணியிலும் பாதிப்பேர் ஒரே வான் வண்டியில் ஏறி, ஒரே விமானத்தைப் பிடிக்கப் போனார்கள்.

பெரியவர்களின் விலை தாங்க முடியாமல் ஏறிவிடவே, மாமாவின் கண் எங்கள் பக்கம் திரும்பியது. அம்மாவின் ஊருக்கு விளையாடும் சின்னவர்களுக்குக் காலுக்குப் புதுச் சப்பாத்து, முதுகில் சொந்தப் பெயர் போட்ட சட்டை, அதற்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் ஐந்து பவுண் என்று அறிவித்தார். செய்தி சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் காட்டுத்தீயாகப் பரவியது. அதுவரை எந்த ஊர் என்றே சொல்லத் தெரியாமல் திரிந்த பையன்களுக்கெல்லாம் திடீரென்று அம்மாவின் ஊரில் பூட்டன்மார் முளைத்தார்கள்.

அப்பாவின் ஊர்ச் சங்கத்துக்கு அப்படி ஒருவரும் வாய்க்கவில்லை. அந்தச் சின்னவர் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் அப்பாதான். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாமான் கிடங்கில் அவருக்கு இரவு ஷிப்ட். சனிக்கிழமைக் காலையில் வேலையால் வந்து, நித்திரை கொள்ளாமலே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பூங்காவுக்கு வருவார். நாங்கள் ஓடும்போது கண்ணைத் திறந்திருப்பார். தண்ணீர் குடிக்க நின்றால் அவரும் நின்றபடியே கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய ஊர் லண்டனில் ஒரு தகரக் கிண்ணம்கூட வென்றதில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பெரியமாமா ஒரு பையோடு எங்கள் மேசைக்கு வந்து, உள்ளேயிருந்து ஒரு சோடிக் கையுறையை எடுத்து என் முன்னால் வைத்தார். வெள்ளையும் பச்சையுமாகப் புத்தம்புதிய கோலிக் கையுறை. போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் அம்மாவின் ஊராகிவிட்டேன்.

"இந்தமுறை மருமேள் மாமான்ர பக்கம், என்ன?" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கணக்கில் நான் எப்போதும் கெட்டி. "கோல் அடிச்சா ஐஞ்சு பவுண். பிடிச்சா எவ்வளவு மாமா?" என்று கேட்டேன்.

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "பிடிக்கிறதுக்கு ஆரும் காசு குடுப்பினமே? அதுக்குத்தானே கையுறை!"

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. அவனவன் சும்மா நின்று காலை நீட்டிக் காசு பார்ப்பான். சேற்றில் விழுந்து எழும்புகிற எனக்கு ஒன்றும் இல்லையா? கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி மேசையில் வைத்தேன்.

மாமாவின் சிரிப்பு நின்றது. அப்பாவைப் பார்த்து, "மச்சான், நீராவது பிள்ளைக்குச் சொல்லும்" என்றார்.

அப்பா தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த அம்மா கண்ணால் அவருக்கு ஏதோ சொன்னார். அப்பா அதைக் கண்டும் காணாதவர்போல என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீயே சொல்லு. உனக்கு எந்தப் பக்கம் விருப்பம்?"

"உங்கட பக்கம்" என்றேன்.

பக்கத்து மேசையில் இருந்த அப்பாவின் ஊரார் கைதட்டினார்கள். இரத்தம் பேசுகிறது, ஊர்ப்பற்று என்றால் இதுதான் என்று ஒருவர் தழுதழுத்தார். நான் மறுக்கவில்லை. மாமாவின் விலைப்பட்டியலில் என் பெயர் இல்லாததால் வந்த ஊர்ப்பற்று என்று சொன்னால் யார் கைதட்டப்போகிறார்கள்? அம்மா மட்டும் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் அப்பாவுக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. தன் ஊரை நான் கைவிட்டதில் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் என்னோடல்லவா கோபிக்க வேண்டும்? என் சாப்பாட்டில் பொரித்த மீன் குறையவில்லை. ஏன் என்று யோசிக்க எனக்கு நேரமும் இல்லை. அப்பா இப்போது என்னைத் தனியாக வேறு பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஜூன் மாதம் பெரியமாமா பரிஸிலிருந்து ஒரு பையனை இறக்கினார். என் வயதுதான், என்னைவிட ஒரு தலை உயரம். இரண்டு காலாலும் அடிப்பான். அவனுடைய தாயின் பூட்டனுக்கு அம்மாவின் ஊரில் ஒரு புகையிலைத் தோட்டம் இருந்ததாம். சுற்றுப்போட்டிக் குழுவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கூடாரமும் மாமாவின் காசு, அந்த வருடத்துக் கிண்ணங்களும் மாமாவின் காசு. பையனோடு அவனுடைய அப்பாவும் வந்திருந்தார். யாரோடும் அதிகம் பேசாத மனிதர். மாமா சொல்லும் முன்பே ஓடிப்போய் எல்லாரும் உட்காரக் கதிரைகளை அடுக்கினார்.

ஜூலையில் போட்டி. அம்மாவின் ஊர் முதல் ஆட்டங்களில் எல்லாரையும் துவைத்து எடுத்தது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பையன்கள் மாமாவைச் சுற்றி வரிசையில் நின்று காசு வாங்கினார்கள். அவர்களின் கோலி மட்டும் ஓரமாக நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆட்டங்களோ ஒன்றுக்குப் பூச்சியம், ஒன்றுக்குப் பூச்சியம் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தன. ஆனால் அந்தப் பூச்சியம் எல்லாம் நான் போட்ட பூச்சியம். இறுதி ஆட்டத்தில் வயல்வெளியின் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் நின்றன. அம்மா தன் ஊர்க் கூடாரத்தில், தன் ஊர்ப் பெண்களோடு இருந்தார்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவர்களில் ஒருவனும் மற்றவனுக்குப் பந்து கொடுக்கவில்லை. ஐந்து பவுணை யார் தானம் செய்வான்? எங்கிருந்து பந்து கிடைத்தாலும் கோலுக்குத்தான் அடித்தார்கள். தடுக்க வேண்டியவர்களும் முன்னுக்கு வந்து நின்றார்கள். பந்து மழையாக வந்தது; நான் விழுந்து விழுந்து பிடித்தேன். எல்லாரும் காசுக்கு அடிப்பதைப் பொறுக்கமாட்டாமல் கடைசியில் அவர்களின் கோலியும் தன் இடத்தை விட்டுவிட்டு ஓடிவந்து ஒன்று அடித்தான். அதையும் பிடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் மைதானத்தின் மறுகோடியில் வெறும் வலை. என் பலமெல்லாம் சேர்த்துப் பந்தை எறிந்தேன். எங்கள் அணியிலேயே சின்னவளான ஒருத்தி, கையில் கடித்த தோடம்பழத்தோடு அங்கே நின்றவள், அதைக் காலால் தட்டி உள்ளே விட்டாள். ஒன்றுக்குப் பூச்சியம்!

பெரியமாமா கோட்டருகே ஓடிவந்து தொண்டை கிழியக் கத்தினார். "டேய், இனிக் கோலுக்கு இருவது! இருவது!"

அதோடு அவர்கள் கதை கந்தலாகிவிட்டது. ஒரே அணியில் இரண்டு பேர் பந்துக்காக ஒருவனின் சட்டையை ஒருவன் பிடித்து இழுத்தார்கள். பரிஸ்காரன் ஒருவன்தான் பந்து ஆடினான். ஆட்டம் முடியும் தறுவாயில் தனியாளாக எல்லாரையும் வெட்டிக்கொண்டு வந்தவனை எங்கள் பக்கத்தில் ஒருவன் காலைப் போட்டு விழுத்திவிட்டான். விசில் ஊதியது. தண்ட உதை. அதை யார் அடிப்பது என்று மூன்று பேர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். நடுவர் பிடுங்கி, விழுந்தவனிடமே கொடுத்தார்.

அவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போனான். ஓடிவருமுன் என் இடதுபக்கம் ஒருமுறை பார்த்தான். அங்கே கோட்டுக்கு வெளியே அவனுடைய அப்பா, இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்து வைத்தபடி நின்றார். எந்தப் பக்கம் அடிக்கப்போகிறான் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டான் மடையன் என்று நினைத்தேன். இடதுபக்கம் பாய்ந்தேன். பந்து என் உள்ளங்கைகளில் அறைந்து, நெஞ்சுக்குள் வந்து, அங்கேயே நின்றது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தேன். கை எரிந்தது. அந்த எரிவைப்போல ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நாலைந்து தடவைதான் வந்திருக்கிறது.

விசில் ஊதியதும் எங்கள் பக்கம் வானத்துக்கு எழும்பியது. யார் யாரோ என்னைத் தோளில் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தேன். அப்பா துள்ளவில்லை. விசிலைக் கையில் பிடித்தபடி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். மைதானத்துக்கு நடுவே, தோற்ற கூடாரத்திலிருந்து, ஒரு கையில் செருப்பும் மறு கையில் சேலைக் கொய்யகமுமாக ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அது அம்மா. அம்மா கத்தி நான் கேட்டதே இல்லை. பூசையில்கூட உதடு மட்டும்தான் அசையும். வந்தவர் என்னிடம் வரவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, அவருடைய தோளில் அடி அடியென்று அடித்தார்.

பெரியமாமா தோற்றாலும் முகத்தைத் தூக்குகிற ஆள் இல்லை. தான் வாங்கிய கிண்ணத்தைத் தன் கையாலேயே எனக்குத் தந்தார். கூடவே ஒரு இருபது பவுண் தாளை என் கைக்குள் திணித்தார்.

"இனிப் பிடிச்சாலும் காசு. சரியே?"

வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கக்கூடாது? அடுத்த வருடத்திலிருந்து எல்லா ஊர் அணிகளிலும் கோலிக்கும் ஒரு தொகை வந்துவிட்டது. லண்டன் தமிழ்க் கோலிகளுக்கு ஊதியம் வாங்கிக்கொடுத்தவள் நான் என்பதை இன்றுவரை ஒருவரும் பாராட்டவில்லை. ஆகவே நானே சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்குப் போகும்போது கிண்ணம் என் மடியில் இருந்தது. "அம்மா, உங்கட ஊரெல்லே தோத்தது. ஏன் அப்பிடிக் கத்தினீங்கள்?" என்று கேட்டேன்.

"கப்பை ஒழுங்காப் பிடி, நெளியப்போகுது" என்றார் அம்மா. அப்பா காரை ஓட்டியபடி சிரித்தார்.

ஓகஸ்டில் மாமாவின் மூன்றாவது கடை ஹரோவில் திறந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். பரிஸ்காரனின் அப்பாவிடம் மாமா சாவியைக் கொடுத்தார், அவர்தான் மனேஜராம். எல்லாரும் கைதட்டினார்கள், என் அப்பாவும் தட்டினார். நான் கேக்கில் இரண்டாவது துண்டு எடுப்பதில் கவனமாக இருந்தேன். அன்று மாலையும் அப்பா வழக்கம்போல் கிடங்கு வேலைக்குப் போனார்.

போன வருடம் அதே கிடங்கிலிருந்து அப்பா ஓய்வுபெற்றார். அவர் முன்னறையில் பட்டப்பகலில் நன்றாகக் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்க, குசினியில் வெங்காயம் உரித்தபடி அம்மா அந்தக் கதையைச் சொன்னார். சாவி அப்பாவுக்கென்றுதான் இருந்ததாம். பிள்ளை எங்கள் பக்கம் விளையாடட்டும், கடையை நீர் பாரும், பகல் வேலை என்று மண்டபத்துக்கு வருமுன்னமே மாமா சொல்லிவைத்திருந்தாராம். அதைத் தெரிந்துகொண்டுதான் அப்பா என்னிடம் எந்தப் பக்கம் விருப்பம் என்று கேட்டிருக்கிறார். நான் மறுத்த பிறகுதான் மாமா பரிஸுக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே வேலையில்லாமல் இருந்த ஒரு தகப்பனுக்கு அதே வார்த்தையைக் கொடுத்தாராம். கிண்ணத்தை வெல்ல வேண்டும் என்பதும் சேர்த்து.

அந்தப் பையன் என் இடதுபக்கம் ஏன் பார்த்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமா சொன்ன சொல் மாறாதவர். தோற்ற பிறகும் சாவியைக் கொடுத்தார். அந்த நேரத்தில் அவனுக்கு அது எப்படித் தெரியும்?

"அப்ப நீங்கள் அண்டைக்கு எங்களுக்காகவோ கத்தினீங்கள்?" என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்தார். வெங்காயம்தான் என்று இன்றும் சாதிக்கிறார்.

"வேறென்ன செய்ய? வேலை கைவிட்டுப் போச்சு. கப்பும் போயிருந்தா அந்த மனிசனை நான் எப்பிடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறது?"