எடைக்கல்லின் எடை

என் கொழுந்தன் என்ன வேலை பாக்கிறான்னு யாராவது கேட்டா, "நாடக அரங்கத்துல மேடைக்கு மேல நின்னு கயிறு இழுக்கிறான்"னு பதினாலு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தேன். திரை ஏத்துறது, இறக்குறது, நிலாவைத் தொங்கவிடுறது, இந்த மாதிரி. அவனும் ஆமாம் போட்டுக்கிட்டே இருந்தான். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரே அடுப்புல ஆக்குனதைச் சாப்பிட்டுக்கிட்டு, ஒருத்தன் இப்படி வாயைத் திறக்காம இருப்பானா? இருந்தான். இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நான் கல்யாணமாகி வந்தப்பவே அவன் மாடி அறையில இருந்தான். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. அண்ணன் நாற்காலி மேல ஏறி பல்ப் மாத்துறதுக்குள்ள வேர்த்துக் கொட்டிடுவார். தம்பி தண்ணித் தொட்டி விளிம்புல நடந்துக்கிட்டே பல் விளக்குவான். பேச்சு மட்டும் கிடையாது. "வரேன் அண்ணி", "போதும் அண்ணி", ஒரு நாளைக்கு அவ்வளவுதான். யார் வீட்டுக்குப் போனாலும் ஆளுங்க முகத்தைப் பாக்க மாட்டான், உத்தரத்தைத்தான் பாப்பான், தாங்குமா தாங்காதான்னு. "மனுஷங்க எல்லாம் கீழ இருக்கோம் தம்பி"ன்னு நான்தான் இடிச்சுச் சொல்லணும். கல்யாணப் பேச்சு எடுத்தா எழுந்து போயிடுவான். நாங்களும் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டோம்.

அவன் அறையில ஏறி நின்னு பாக்கிற எடை மெஷின் ஒண்ணு உண்டு. காலையில முகம் கழுவுறதுக்கு முன்னாடி அதுல ஏறிடுவான். முள்ளு கூடக் காட்டினா அன்னைக்குப் பாதிச் சாப்பாடு. குறைச்சுக் காட்டினா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிப்பான். "சினிமாக்காரி உன்கிட்ட பிச்சை வாங்கணும் போ"ன்னு கிண்டல் பண்ணுவேன். சிரிப்பானே தவிர, ஏன் எதுக்குன்னு சொன்னதில்ல. ஒரு நாள் மெஷின் கெட்டுப் போச்சுன்னு கட்டிலுக்கு அடியில தள்ளிட்டான். பெருக்கறப்ப துடைப்பம் இடிக்குதேங்கிறதுதான் எனக்கு அப்ப இருந்த கவலை.

அவன் துணியை அவனே துவைச்சுப்பான். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அவன் குளிக்கப் போயிருந்த நேரம், கிடக்கிறதோட கிடக்கட்டும், இதையும் சேத்து அலசிடலாம்னு மாடிக்குப் போனேன். கதவுக்குப் பின்னால தடிச்ச துணியில தச்ச ஒரு கையில்லாத பனியன் தொங்குச்சு. ஒரு கையால உருவினேன். கை அப்படியே தரைக்குப் போயிடுச்சு. திருப்பிப் பாத்தா, உள்பக்கம் வரிசையா சின்னச் சின்னப் பை. ஒவ்வொண்ணுலயும் ஒரு இரும்புத் துண்டு. அந்த இரும்பு எனக்குத் தெரியும். திரை காத்துல ஆடாம இருக்க அடி மடிப்புல போட்டுத் தைக்கிறது. எங்க வீட்டுக் கதவு அடிச்சுக்குதுன்னு ஒரு தடவை கேட்டு வாங்கி ரெண்டு கொண்டுவந்து குடுத்திருக்கான்.

திருட்டுன்னுதான் நினைச்சேன். உடம்போட கட்டி வெளிய கொண்டுவந்து பழைய இரும்புக் கடையில போடுறான்! இந்த வீட்டுல அடுத்தவங்க ஊசியை எடுத்தவங்க கிடையாது. எடுத்த இடத்துலயே பனியனை மாட்டிட்டு, கீழ வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட குசுகுசுன்னு சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போச்சு. அவன் அப்படிப்பட்டவன் இல்ல, அவசரப்படாதேன்னார். எனக்கா அவசரம்? பதினாலு வருஷம் சோறு போட்டவளுக்கு அவசரம்னு ஒண்ணு வரக்கூடாதா? அன்னைக்குப் பகல் ஆட்டம். அவன் அந்தப் பனியனைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டுப் போனதை நானே பாத்தேன். வெளிய கடத்துறவன் உள்ள போறப்ப எதுக்குப் போட்டுக்கிட்டுப் போறான்னு எனக்குத் தோணலை. கோவம் முன்னாடி வந்தா எனக்குப் புத்தி பின்னாடிதான் வரும். அரை மணி நேரத்துல நானும் கிளம்பிட்டேன்.

அரங்கத்துப் பின்வாசல்ல காவல்காரர் நிறுத்தினார். யாரைப் பாக்கணும்னு சொன்னதும் எழுந்தே நின்னுட்டார். எடைக்கல் வீட்டு அம்மாவா, வாங்க வாங்க, உங்க கைச் சாப்பாட்டுலதான் நாலு மாசமா உடம்பு தேறியிருக்கேன்னார். எடைக்கல்னா யாருன்னு முழிச்சேன். என் கொழுந்தனுக்கு அங்க அதுதான் பேராம். வயிறு சரியில்லன்னு சாப்பாட்டு டப்பாவை அப்படியே தூக்கி இவர்கிட்ட குடுத்துடுவானாம். தினமும் டப்பா கழுவித் துடைச்சு வீட்டுக்கு வருமே, என் சமையல் அவ்வளவு பிடிச்சிருக்குன்னு பக்கத்து வீடு வரைக்கும் பீத்திக்கிட்டேனே!

அவன் எங்கன்னு கேட்டதுக்கு மேல கையைக் காட்டினார். இரும்புப் படி, ஒரே இருட்டு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுறேன், ஏறுறேன், வந்தபாடில்ல. மேல பலகைத் தளம், எங்க பாத்தாலும் கயிறு, கப்பி. பலகை இடுக்குல மேடை ஒரு தட்டு அளவுக்குத் தெரிஞ்சுது. கொழுந்தன் தளத்தோட ஓரத்துல எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான். இடுப்பு பெல்ட்டுல கயிறு. கீழ ஒரு தடவை குனிஞ்சு பாத்தான். கூப்பிடலாம்னு நான் வாயைத் திறந்தேன். அவன் ஒரு காலை எடுத்து வெறும் காத்துல வச்சான். ஆளைக் காணோம்.

"ஐயோ தம்பி!"

என் உயிரே போயிடுச்சு. செத்துட்டான், திருட்டு தெரிஞ்சு போச்சுன்னு விழுந்துட்டான்னுதான் நினைச்சேன். அதே நேரத்துல கீழ இருந்து வெள்ளை உடுப்புல ஒரு பொண்ணு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு மேல வந்தா. வந்து என் கண்ணுக்கு நேரா அந்தரத்துல நின்னா. நான் அவளைப் பாக்கிறேன், அவ என்னைப் பாக்கிறா. யாருக்கு அதிர்ச்சி அதிகம்னு சொல்ல முடியாது. கீழ ஜனங்க கையைத் தட்டினாங்க. என் அலறலையும் நாடகம்னே நினைச்சுட்டாங்க, பாவிங்க.

கயிறு வேலைக்கு மேஸ்திரியா இருந்தவர் ஓடி வந்து என் வாயைப் பொத்தி, குண்டுக்கட்டா கீழ கொண்டுவந்து உடுப்பு அறையில உக்கார வச்சார். ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் வந்தாங்க. கொழுந்தன் முழுசா நடந்து வந்தான். அவனைக் கட்டிப்பிடிக்கிறதா அறையிறதான்னு தெரியாம உக்காந்திருந்தேன். மேஸ்திரி திட்டித் தீத்துட்டு அப்புறம்தான் விளக்கினார். ஒரே கயிறு. ஒரு முனையில அந்தப் பொண்ணு, மறு முனையில இவன். இவன் மேல இருந்து குதிச்சா அவ ஏறுவா; இவன் சுவத்து ஏணியில ஏறினா அவ இறங்குவா. ரெண்டு பேர் எடையும் ஒட்டி வரணும். மணல் மூட்டை கட்டினா என்னன்னு கேட்டேன். மூட்டைக்குக் கை காலா இருக்கு, பாட்டு இழுத்தா நிறுத்தவும் சுருங்கினா இறக்கவும் ஆள்தான் வேணும்னார். எத்தனையோ பேரை இப்படிப் பறக்க விட்டிருக்கானாம். பதினாலு வருஷமா தினம் தினம் உயரத்துல இருந்து குதிச்சுட்டு வந்து, என்கிட்ட "போதும் அண்ணி"ன்னு கையை மறிச்சிருக்கான்.

"அப்ப அந்த இரும்பு எதுக்கு?"ன்னு என் வாயில வந்துடுச்சு.

"எந்த இரும்பு?"ன்னார் மேஸ்திரி.

கொழுந்தன் என்னைப் பாத்தான். "அண்ணி"ன்னு மட்டும் சொன்னான். என் வாயைத் திறந்தா அது என் பேச்சையே கேக்காது. பை, பனியன், எல்லாத்தையும் கொட்டிட்டேன். மேஸ்திரி அவன் சட்டைப் பித்தானை அவிழ்த்தார். பனியனைக் கழட்டி மேசையில வச்சார். மேசை ணங்குன்னுச்சு. உள்ள இருந்த உடம்பைப் பாத்து நான் முகத்தை மூடிக்கிட்டேன். எலும்பை எண்ணிடலாம். தினமும் என் எதிர்ல உக்காந்த ஆளு, பாதி இரும்பு.

அந்த அறையிலயும் ஒரு எடை மெஷின் இருந்துச்சு. அவனை ஏத்தினார். முள்ளைப் பாத்துட்டு மெஷினை ஒரு உதை விட்டார். தானே ஏறிப் பாத்தார். மெஷின் சரியாத்தான் இருந்துச்சு. மேஸ்திரி தரையில உக்காந்துட்டார். குதிக்கிறப்ப பனியன் தையல் ஒண்ணு பிரிஞ்சிருந்தா அந்தப் பொண்ணு தலைகுப்புற வந்திருப்பா. அவர் அதைச் சொல்லவே இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்சுது.

அந்தப் பொண்ணு கொண்டையைப் பாதி அவிழ்த்த நிலையில நின்னுக்கிட்டிருந்தா. இதே மெஷின்லதானே என்னையும் ஏத்தினீங்கன்னு மேஸ்திரியைக் கேட்டா. ஒரு நாள் கயித்துல அவ மெதுவா மேல ஏறியிருக்கா. அவதான் சதை போட்டுட்டான்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. அவ எடை கூடலைன்னுதான் மெஷின் காட்டியிருக்கு, மெஷின் பழுதுன்னுட்டாங்க. எடைக்கல்லை யார் எடை போட்டுப் பாப்பாங்க? பொண்ணு சாப்பாட்டைக் குறைச்சு, ஒரு நாளைக்கு ஒரு வேளைன்னு ஆக்கி, வீட்டுல அம்மாகூட சண்டை போட்டு, கடைசியில ஒத்திகையில மயங்கி விழுந்திருக்கா. அது நடந்தது ரெண்டு மாசம் முன்னாடி. அதுக்கப்புறம்தான் இவன் பனியன் தச்சிருக்கான்.

"உங்களுக்குத் தெரியும்ல அண்ணா?"ன்னு அவனைக் கேட்டா.

"தெரியும்."

"தெரிஞ்சே மேல இருந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"சொன்னா என்னைக் கீழ இறக்கிடுவாங்க. கீழ எனக்கு என்ன இருக்கு?"

கீழதானே நான் இருக்கேன், அவன் அண்ணன் இருக்கார், வீடு இருக்கு. அவனுக்காகப் பேச வந்த வாய் பேசலை. அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தா பேசவும் முடியலை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனோம். அந்தப் பொண்ணும் வந்தா. பாசத்துல வரலை. இவர் உடம்புக்கு நான் பட்டினி கிடந்திருக்கேன், என்னன்னு எனக்கும் தெரியணும்னு சொல்லிட்டே வந்தா. டாக்டர் வயித்தை அமுக்கிப் பாத்தார், படம் எடுக்கச் சொன்னார், படத்தை வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தார். எடை எப்ப இருந்து குறையுதுன்னு கேட்டார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்தார். தட்டுல போட்டவ நான். எனக்குத் தெரியலை.

"ரெண்டு மாசமா"ன்னான் கொழுந்தன். டாக்டர் எழுதினார்.

"ஆறு மாசம்"னா அந்தப் பொண்ணு.

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"கயித்தோட மறு முனையில நான் இருக்கேன். மழை ஆரம்பிச்ச வாரத்துலதான் முதல் தடவையா மெதுவா ஏறினேன். அன்னைக்கு என்னை எல்லார் முன்னாடியும் திட்டினாங்க. எனக்கு மறக்காது."

அவ்வளவு நாள் இருக்காதுன்னு கொழுந்தன் முணுமுணுத்தான். டாக்டர் ரெண்டு பேரையும் பாத்துட்டு, நான் யார் சொல்றதை எழுதுறதுன்னு என்கிட்ட கேட்டார். கொழுந்தன் என் பக்கம் திரும்பினான். இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல அவன். அப்ப கண்ணால கேட்டான்.

"அந்தப் பொண்ணு சொல்றதை எழுதுங்க"ன்னேன்.

டாக்டர் ரெண்டை அடிச்சுட்டு ஆறுன்னு எழுதினார். பேனாவை மூடி வச்சார். எங்க வீட்டுக்காரரை மட்டும் கொஞ்சம் வெளிய வரச் சொன்னார்.