குரல் போன நாளில் பேசியவர்கள்

மைக்கை இன்னும் கிட்ட வையுங்கள், சகோதரரே. சாட்சி சொல்ல எனக்கு இருக்கிற சத்தம் இவ்வளவுதான். போன மாசியில் இதுவும் இல்லாமல் போனது.

நான் வாயால் பிழைக்கிறவன். வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில், நானும் சிவகுமாரனும் ஒரு முதலீட்டுக் கம்பனி தொடங்கினோம். வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி, புதிதாக மென்பொருள் கம்பனி தொடங்கும் இளம் பிள்ளைகளிடம் போடுவோம். அவர்கள் வளர்ந்தால் நாங்களும் வளர்வோம். கணக்கு சிவகுமாரன், கதை நான். "உங்கட தொண்டையிலதான் எங்கட கம்பனி ஓடுது" என்று அவர் பகிடி விடுவார்.

முதலில் கரகரப்பு. பிறகு காற்று மட்டும் வந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ஒரு கட்டி. சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, "ரிசல்ட் வரும்வரைக்கும் ஒரு வார்த்தையும் கதைக்கக் கூடாது" என்றார். என் அப்பா தொண்டைப் புற்றில் போனவர். சோறு இறங்கவில்லை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அந்த மாதம் தொண்டைக்கு ஆசீர்வாதம் கொடுத்தார்கள். பங்குச் சுவாமி இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்து என் கழுத்தில் வைத்தார். "ஆண்டவரே, புதன்கிழமைக்குள் என் குரலைத் தாரும்" என்று மனதுக்குள் கெஞ்சினேன். புதன்கிழமை லண்டனிலிருந்து தமிழ் முதலீட்டாளர்கள் வருகிறார்கள். அவர்கள் பணம் போட்டால் கம்பனி நிமிரும். இல்லையென்றால் மூட வேண்டியதுதான்.

புதன் வந்தது. குரல் வரவில்லை. எனக்கு ஆண்டவர்மேல் கோபமே வந்தது. கூட்டத்தில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சிவகுமாரன் எழுந்தார், "வணக்கம்" என்றதோடு அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போது றிஸ்னா எழுந்தார். கிராண்ட்பாஸ் பிள்ளை. பாடசாலை வான் வண்டி எங்கே வருகிறது என்று தாய்மாருக்குப் போனில் காட்டும் செயலியைச் செய்தவர். நாங்கள் முதன்முதல் பணம் போட்டது அவரிடம்தான். அவரையும் நாங்கள் பணம் போட்ட மற்றப் பிள்ளைகளையும் செயலிகளை இயக்கிக் காட்டத்தான் அழைத்திருந்தோம்.

"சேருக்கு தொண்ட சொகமில்ல, நான் சொல்றன்," என்றார். "சாமான் வெல ஏறி யாவாரமெல்லாம் படுத்த நேரம் ஒத்தரும் எங்களோட கதைக்கல்ல. சேர் மட்டும் கோல் எடுத்து, 'பயப்படாதீங்க, மூட வேணாம்' என்டு சொன்னாரு. அதாலதான் நான் இன்டக்கி இங்க நிக்கிறன்."

அவருக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். லண்டன்காரர்கள் சம்மதித்தார்கள். சிவகுமாரன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கோ அதுகூட இனிக்கவில்லை. புற்று என்றால் என்ன செய்வேன்?

வெள்ளிக்கிழமை ரிசல்ட். என்னால் வாய்திறந்து கேட்க முடியாது. மனைவி ரீட்டாதான் டொக்டரிடம் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஓம் டொக்டர், ஓம்" என்றவள் அப்படியே பக்கத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். "புற்று இல்லையாம். ஐயோ, இல்லையாம்!" சத்தமில்லாமல் அழுதேன்.

கட்டியை அகற்றிவிட்டார்கள். குரல் இவ்வளவுதான் திரும்பியது. இன்று அந்தப் புடைவைக் கடைக் கட்டடத்தில் ஒரு மாடி முழுக்க எங்களுடையது. கூட்டங்களில் பிள்ளைகள்தான் பேசுகிறார்கள். நான் கடைசிக் கதிரையில் இருந்து கேட்கிறேன். நான் ஆண்டவரிடம் என் குரலைத் தரும்படி கேட்டேன். அவர் அத்தனை பிள்ளைகளின் குரலைத் தந்தார். பயந்துபோய் வந்திருப்பவர்களே, நீங்களும் கேளுங்கள். அவர் கைவிட மாட்டார்.

இப்போது எல்லோரும் ஒரு ஆமென் சொல்லுங்கள். பலமாகச் சொல்லுங்கள். எனக்குத்தான் சத்தம் வராது.