மாமாவின் சிறுகீரை

என் தம்பிக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் அவன் நீலமாகிப்போனான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உதடு, நகக்கண், காது மடல் எல்லாம் நாவல் பழம் தின்றவன் நாக்கு மாதிரி இருந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. மனிதர்கள் கறுப்பாகவோ சிவப்பாகவோ இருப்பார்கள் என்பதுதான் அதுவரை எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர் ஆமத்தூர்ப் பக்கம். அம்மா எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். திரும்பி வரும்போது அவள் கை இரண்டும் மருந்துப் பொடி ஒட்டி வெள்ளிப் பாத்திரம் போல மினுங்கும். வாசலில் கால் வைத்ததும் நேராகக் குளியல் மறைப்புக்குப் போவாள். தலையோடு குளித்து, வேறு சேலை கட்டி, நகத்தை மோந்து பார்த்த பிறகுதான் தம்பியைத் தூக்குவாள். அதுவரை அவன் எவ்வளவு அழுதாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். அப்பா பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அதனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா எங்களோடு இருந்தாள். எனக்கு அத்தை, அம்மாவுக்கு மதினி.

அம்மாவின் தம்பியும் முன்பு அதே கம்பெனியில்தான் மருந்து கலந்துகொண்டிருந்தார். பக்கத்து அறை ஒருமுறை தீப்பிடித்ததைக் கண்ணால் பார்த்தவர், மறுநாளே வேலையை விட்டார். கிணற்றோடு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சிறுகீரை விதைத்தார். முதல் பாத்தி மஞ்சள் பாய்ந்து, சீக்குக் கோழி மாதிரி நின்றது. மாமா உரக்கடைக்குப் போய் யூரியா வாங்கிவந்து தூவினார். இலை தேறியது. சந்தோஷத்தில் இன்னொரு கை தூவினார். பிறகு கேட்கவா வேண்டும், கீரை கருகருவென்று முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. வெட்டிய முதல் கட்டை எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்.

"மருமவனுக்கு மசிச்சுக் குடுக்கா. ரத்தம் ஊறும்" என்றார்.

அம்மா அந்தக் கட்டை முகத்தோடு வைத்துக்கொண்டாள். குடும்பத்தில் ஒருவராவது வெடிமருந்தை விட்டுப் பச்சைக்கு வந்துவிட்டார் என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

அன்றைக்குக் காலையில் அத்தை கீரையை வேகவைத்து, மசித்து, தம்பிக்கு ஊட்டினாள். மிச்சத்தை அடுப்படியில் மூடிவைத்தாள். சித்திரை வெயில். தகரக் கூரையின் கீழ் அந்தச் சட்டி பகல் முழுக்க இருந்தது. மத்தியானம் அவன் அழுதபோது அதையே மறுபடி ஊட்டினாள். பிள்ளை நன்றாகத் தின்கிறான் என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

அம்மா வந்து, குளித்து, தொட்டிலை விலக்கியபோதுதான் அவன் அந்த நிறத்தில் கிடந்தான். அழவில்லை. மூச்சு மட்டும் வேகவேகமாக வந்தது.

அத்தை ஓடிவந்து பார்த்தாள். பார்த்ததும் அம்மா பக்கம் திரும்பினாள். "நேத்து ஒழுங்காக் கையக் கழுவுனியா? மருந்துக் கையோட புள்ளையத் தொட்டிருக்க!"

பக்கத்து வீட்டு ஆட்டோவில் விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அத்தை வைதுகொண்டே வந்தாள். அம்மா தம்பியை முழங்கைகளில் ஏந்திக்கொண்டு, உள்ளங்கை இரண்டையும் அவன்மேல் படாமல் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். ஆட்டோ குலுங்கும்போதுகூட அந்தக் கைகள் அவனைத் தொடவில்லை. எனக்கு ஏனோ தம்பியின் நிறத்தைவிட அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் காற்று வைத்தார்கள். நீலம் மாறவில்லை. இளவயது டாக்டரம்மா ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். அது சிவப்பாக இல்லை. கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. என் தம்பியின் உடம்புக்குள் ரத்தமே இல்லை, வேறு எதையோ ஊற்றிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"என் கைதான் டாக்டரம்மா. பட்டாசுக் கை" என்றாள் அம்மா.

"உங்க கையால இப்படி ஆகாதும்மா. குழந்தைக்குச் சாப்பிட என்ன கொடுத்தீங்க?"

"கீரைதான். வேற ஒண்ணும் குடுக்கல" என்றாள் அத்தை. "காலையில அவிச்சது."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. நர்ஸை அனுப்பி ஒரு மருந்தை வரவழைத்தார். அது பேனா மையைப் போன்ற நீலம்.

அத்தை பதறிப்போனாள். "ஏற்கெனவே நீலமாக் கெடக்கு, இன்னமும் நீலத்தையா ஏத்துறீக?"

ஏற்றினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் உதடு வெளுத்து, பிறகு மெல்ல மெல்லச் சிவந்தது. வீறிட்டு அழுதான். அழுத கையோடு பச்சையும் நீலமுமாக ஒன்றுக்கு இருந்தான். அத்தை அலறிய அலறலில் வார்டே திரும்பிப் பார்த்தது. மருந்து வெளியே போகிறது, பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சிரித்தார். அம்மா அப்போதுதான் தன் உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்தாள்.

மறுநாள் காலையில் மாமா மொபெட்டில் வந்து இறங்கினார். எங்கள் தெருவில் கீரை விற்கப் போனபோது சேதி கேட்டிருக்கிறார். பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமென்று ஒரு கட்டுக் கீரையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். டாக்டரம்மா அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டார். மாமா பெருமையாகச் சொன்னார்.

"யூரியா மண்ணுக்குள்ள போய் நைட்ரேட்னு ஒரு உப்பா மாறும்" என்றார் டாக்டரம்மா. "செடி அதைத் தின்னுதான் வளருது. அளவுக்கு மேல போட்டா மிச்சம் இலையிலயே தங்கிடும். வேகவச்சு வெயில்ல வச்சா இன்னும் கெட்டதா மாறும். பெரியவங்க உடம்பு தாங்கிக்கும். கைக்குழந்தை ரத்தம் தாங்காது. மூச்சு விட்டாலும் காத்து உடம்புக்குப் போய்ச் சேராது."

மாமாவின் முகம் மாறியது. "நைட்ரேட்டுன்னா... நாங்க கம்பெனியில வெடியுப்புன்னு கலப்போமே, அதுவா?"

"அதே குடும்பம்தான்."

மாமா கையிலிருந்த கட்டைப் பார்த்தார். ஏதோ பற்றிக்கொள்ளப் போகிற பொருளை வைப்பது போல அதை மெதுவாகத் தரையில் வைத்தார்.

அம்மாதான் முதலில் பேசினாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "ஏலே, காலையில யாருக்கெல்லாம் குடுத்த? கைப்புள்ள இருக்கிற வீடு எதும் உண்டா?"

மாமா அந்த வார்த்தை முடியுமுன்பே வாசலுக்கு ஓடினார். என்னை வீட்டில் விடச் சொல்லி அத்தை பின்னாலேயே அனுப்பினாள். மொபெட்டில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டேன். சட்டை முழுக்க வேர்வை.

ஊருக்குள் நுழைந்ததும் அவர் கத்த ஆரம்பித்தார். "காலையில வாங்குன கீரையத் திருப்பித் தாங்க! கைப்புள்ளைக்குக் குடுத்துறாதீக!" கீரை விற்கும்போது எந்த ராகத்தில் கூவுவாரோ, அதே ராகம் அவரை அறியாமல் அதில் வந்தது. தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். "வித்ததத் திருப்பிக் கேக்க வந்துட்டியாக்கும்?" என்றாள் ஒருத்தி. இன்னொருவர், நாங்கள் தின்றுவிட்டோம், ருசியாக இருந்தது, நாளைக்கும் கொண்டுவா என்றார். மாமா விளக்கிச் சொல்லிப் பார்த்தார். உரம் போட்டால் கீரை விஷமாகுமா, உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டார்கள். சிலர் கொடுத்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசித் தெருவில் ஒரு வீடு. சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. "சுடச்சுட இப்பத்தான் ஊட்டுனேன். தூங்குறான்" என்றாள் அந்த அக்கா.

மாமா அவளைத் தாண்டிப் போய்த் தொட்டிலை விலக்கினார். அவள் மாமாவின் கையைப் பிடித்து இழுத்துச் சத்தம் போட்டாள். பிள்ளை விழித்து, வாயைப் பிளந்து கத்தியது. உள்நாக்குவரை சிவப்பு. மாமா அதன் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மிச்சம் இருந்ததைக் கொட்டச் சொன்னார். நிறம் மாறினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். பிறகும் போக மனமில்லாமல் அந்த வீட்டு வாசலுக்கு எதிரே, வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டார். அவ்வப்போது எழுந்துபோய்ப் பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பொழுது இறங்கும்போது அந்தப் பிள்ளை வாசலில் தவழ்ந்து வந்து மண்ணை அள்ளித் தின்றது. அதைப் பார்த்துத்தான் மாமா அழ ஆரம்பித்தார். பெரிய ஆண்பிள்ளை ஒருவர் தெருவில் உட்கார்ந்து அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கு விளங்கவில்லை. தம்பி பிழைத்துவிட்டான். இந்தப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. ஆசையாக வளர்த்த கீரை இப்படி வீணாய்ப் போனதற்குத்தான் அழுகிறார் என்று முடிவுசெய்துகொண்டேன். பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டேன்.

"அழாதீக மாமா" என்றேன். "அடுத்த தடவ இதவிட நல்லா வளத்துறலாம்."