நோன்பு மாதத்தில் ஆறிய ஒரு பிடி சோறு

முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம் அது. கண்டி வாவிக்கு மேலே ஒரு மேட்டுத் தெருவில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. கண்டிக் குளிருக்கு நான் இன்னும் பழகவில்லை. விடியற்காலையில் அடுப்படியை விட்டு அசைய மாட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், அப்போது ஆறு வயது. மலேரியாக் காய்ச்சலில் விழுந்து எழும்பித் தோலும் எலும்புமாக இருந்தாள். மருந்து கொடுத்த அப்போதிக்கரி ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மத்தியானச் சாப்பாடு ஒருநாளும் தவறக்கூடாது; பாண் மட்டும் கொடுக்கவே கூடாது, அந்த வயிறு தாங்காது. பள்ளிக்கூடமோ வாவியைச் சுற்றிப் போக வேண்டிய தூரம். இடைவேளைக்கு வீட்டுக்கு வந்து போக முடியாது. மற்றப் பிள்ளைகள் இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவில் எதையாவது தடவிக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

அதனால் என்ன, சோறு இருக்கிறதே என்று நினைத்தேன். சமையலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சூடான சோற்றில் இரண்டு கரண்டி பசு நெய் விட்டு, தேங்காயின் முதற்பாலில் வைத்த பருப்பும் பூசணிக்காயும் சேர்த்து, மூடி போட்ட எனாமல் கிண்ணத்தில் வைத்துத் துணியால் கட்டிக் கொடுப்பேன். மூடுவதற்கு முன் ஒரு வாய் எடுத்துப் பார்ப்பேன். அமிர்தமாக இருக்கும்.

கிண்ணம் பின்னேரம் அப்படியே திரும்பி வரும். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், "ஏலாது அம்மா, தொண்டைக்குள்ளை ஒட்டுது" என்பாள். திறந்து பார்த்தால் சோறு நன்றாகத்தான் இருக்கும், ஊசிப்போகவும் இல்லை. நெய் பத்தவில்லையாக்கும் என்று மறுநாள் இன்னும் ஒரு கரண்டி கூட விட்டேன். அதுவும் திரும்பி வந்தது. கெஞ்சினேன், அதட்டினேன், கதை சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்போதிக்கரி ஐயா மறுபடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அன்று கச்சேரியால் வந்த என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

"இவளை ஊரிலை அண்ணை வீட்டிலை விடுவம். அங்கை மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிடலாம். ஒரு வருசம் நிண்டால் தேறிடுவாள்" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை ரயிலேற்றி அனுப்பிவிட்டு நான் இந்தக் குளிருக்குள் எப்படி இருப்பேன்? அலுமாரிக்கு மேலே கிடந்த தகரப் பெட்டியை அவர் இறக்கினார். நான் அவளுடைய சட்டைகளை மடித்து வைத்தேன். மடிக்கும்போதே அழுதேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. கலகெதரயைச் சேர்ந்தவர்கள், டவுனில் புடைவைக் கடை வைத்திருந்தார்கள். அந்த வீட்டம்மாவை நான் அக்கா என்பேன். வேலியோரம் பார்த்தால் சிரிப்பதோடு சரி, அதிகம் பழக்கம் இல்லை. அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. கடைக்குப் போகிற வழியில் அந்த வீட்டுக்காரர்தான் இருவரையும் பள்ளியில் விடுவார். அப்போது அவர்களுக்கு நோன்பு மாதம். பெட்டி அடுக்கிய மறுநாள் அந்த அக்கா பின்கதவால் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. எங்க மவ ஒண்டு சொன்னா. உங்க புள்ள கிண்ணத்தத் தொறந்தா சோத்துக்கு மேல நெய்யெல்லாம் ஒறஞ்சு, மெழுகு ஊத்தின மாதிரி ஈக்குதாம். அதப் பாத்துட்டுத்தான் மூடி வெக்கிறாவாம்."

எனக்குச் சுருக்கென்றது. பின்னேரம் நான் பார்க்கும்போது ஒன்றும் இல்லையே என்றேன். அவர் வாதாடவில்லை. கல்லுச் சுவர் வகுப்பறை, காலை முழுக்கப் பனி, அதற்குள் கிடந்த சோறு உறையாமல் என்ன செய்யும், பள்ளி விட்டு வெயிலில் வரும்போது உருகிவிடுமாக்கும் என்று மெல்லச் சொன்னார். யாழ்ப்பாணத்து வெயிலில் நெய் உறைந்து நான் கண்டதே இல்லை. போதாததற்குத் தேங்காய்ப்பால் வேறு. பிள்ளை தேறட்டும் என்று நான் விட்ட ஒவ்வொரு கரண்டியும் அவளுடைய தொண்டையை அடைத்திருக்கிறது.

"ரெண்டு மூணு நாளைக்கு நான் ஆக்கித் தாறேனே. புதுச் சட்டி ஒண்டு ஈக்குது, மீன் எறச்சி படாதது" என்றார் அக்கா.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கண் தகரப் பெட்டியில் போய் விழுந்தது. சரி என்றேன்.

மறுநாள் காலை வேலிக்கு மேலால் ஒரு பொதி வந்தது. வாட்டிய வாழையிலையில் சின்னச் சின்ன உருண்டைகள், பிள்ளையின் கைக்கு அளவாக. அரிசியும் பாசிப்பயறும் ஒன்றாகக் குழைய வேகவைத்து, சீரகமும் இஞ்சியும் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டி, தேசிக்காய் பிழிந்து பிடித்தவை. பக்கத்தில் அவித்த வத்தாளைக் கிழங்கு ஒரு துண்டு, பேரீச்சம்பழம் இரண்டு. நல்லெண்ணெய் இந்தக் குளிருக்கு உறையாது என்றார் அக்கா. ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெய்ப் போத்தல் என் வீட்டில் தலைமுழுக்குக்குக் காத்துக் கிடந்தது.

அன்று பின்னேரம் இலை மட்டும் திரும்பி வந்தது. எறிய மனமில்லாமல் மடித்துக்கொண்டு வந்திருந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. இன்னும் சில நாளில் பக்குவம் கேட்டுக்கொண்டு நானே செய்யத் தொடங்கினேன். தயிர் பிசைந்த சோறு, எள்ளுருண்டை, அவித்த கடலை என்று மாற்றி மாற்றிக் கட்டினேன். பிள்ளையின் கன்னத்தில் சதை பிடித்தது. என் கணவர் பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றி வைத்தார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல அயலாரின் உதவி என்று நன்றியோடு நினைத்திருப்பேன். பெருநாளன்று அக்கா வட்டிலப்பம் கொண்டு வந்தார். கதையோடு கதையாக, எனக்கு விளங்காமல் இருந்த ஒன்றைக் கேட்டேன்.

"அக்கா, நோன்போடை நீங்கள் நாக்கிலை ஒண்டும் வைக்கிறேல்லை. பிறகெப்பிடி உப்பும் புளியும் அவ்வளவு கணக்காய் இருந்தது?"

"அதுவா" என்று சிரித்தார். "நோன்பு தொறந்தாப்புறம் ராவைக்கே கொஞ்சம் ஆக்கி, ஜன்னல் கட்டுல பனியில வெச்சிடுவேன். சஹருக்கு எழும்பி அதத் திண்டு பாப்பேன். சூட்டுல சரியா ஈக்கிற உப்பு ஆறினாக் காட்டிக் குடுத்துடும். அதுக்குத் தக்க, புள்ளக்கி விடியப் புதுசா ஆக்கினேன்."

சஹர் என்பது நோன்பு பிடிப்பவர்கள் விடியுமுன் எழும்பிச் சாப்பிடும் சாப்பாடு. அதன் பிறகு பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரும் இல்லை.

"அப்ப நீங்கள் சஹருக்கு?"

"அதத்தான் திண்டேன். வீட்டுல மத்தவங்களுக்குச் சுடச்சுட ஆக்கித்தான் வெச்சேன். இதையும் திண்டுட்டு அதையும் திங்க வயிறு எங்க? புள்ள ஆறினதத்தானே திங்கிறா, எனக்கென்ன வந்த?"

இதைச் சொல்லிவிட்டு, வட்டிலப்பம் இனிப்புக் காணுமா என்று கேட்டார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நான் ஏன் கலங்குகிறேன் என்று புரியாமல் பார்த்தார்.

மகளைப் பெற்றவள் நான். நெய் விட்டேன், கெஞ்சினேன், அழுதேன். அந்தப் பிள்ளை உண்ணும் நேரத்தில் அந்தச் சோறு எப்படி இருக்கும் என்று ஒருநாள் பொறுத்துத் தின்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டோம். மகளுக்கும் இப்போது பள்ளி போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கட்டும் நாளெல்லாம் நான் ஒரு பிடியை ஜன்னல் கட்டின் மேல் ஆறவைத்துத் தின்று பார்க்கிறேன். கண்டிப் பனியில், ஒரு முழுநாள் பட்டினிக்கு முன்னால், என் பிள்ளைக்காக இதைத் தின்ற ஒருத்தியை நினைத்தால் அந்த ஒரு பிடி என் தொண்டையைத் தாண்டி இறங்க இன்றைக்கும் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.